ஒரு பொருளை நடுவில் வையுங்கள்

கேள்வி: எங்கள் கலை அருங்காட்சியகத்தில் புதிய கண்காட்சியையொட்டி ஒரு கலை வரலாற்று ஆய்வாளர், ஒரு மானிடவியலாளர், ஒரு வேதியியலாளர் மூவரும் மேடையில் உரையாடப் போகிறார்கள். நான்தான் நெறியாளர். போன முறை ஆளுக்கு 20 நிமிடம் ஸ்லைடு போட்டுப் பேசிவிட்டு இறங்கிவிட்டார்கள். இவர்களை ஒருவரோடொருவர் பேசவைப்பது எப்படி?

பதில்: கோளாறு பேச்சாளர்களிடம் இருக்காது, தலைப்பில்தான் இருந்திருக்கும். 'கலையும் அறிவியலும்' என்று அகலமாக வைத்தால் அவரவர் கைவசம் இருக்கும் பழைய உரையைத்தான் எடுத்து விரிப்பார்கள். கண்காட்சியிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுங்கள். மூவருக்கும் அதில் வேலை இருக்க வேண்டும். ஆனால் மூவரும் ஒரே பதிலைச் சொல்லிவிடக் கூடிய பொருளாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

1988இல் நியூயார்க்கில் சூசன் வோகல் அமைத்த 'ஆர்ட்/ஆர்டிஃபேக்ட்' (கலை/புழங்குபொருள்) கண்காட்சியில், மத்திய ஆப்பிரிக்காவின் ஸாண்டே மக்களுடைய வேட்டை வலை ஒன்றைச் சுருட்டிக் கட்டிய நிலையிலேயே, நவீன சிற்பத்தை வைப்பது போல வைத்தார்கள். அந்தக் கண்காட்சி நூலில் எழுதிய தத்துவ அறிஞர் ஆர்தர் டான்டோ, வலை வெறும் கருவி, கலையாகாது என்ற பக்கம் நின்றார். மானிடவியலாளர் ஆல்ஃபிரட் ஜெல் அதை ஏற்கவில்லை. ஒரு பொறியில் அதைச் செய்தவனின் புத்தியும் இருக்கிறது, சிக்கப்போகும் விலங்கின் பழக்கமும் இருக்கிறது. அதைக் கலைப்படைப்பாகப் பார்ப்பதில் என்ன தடை என்று வாதிட்டார். அவர் கட்டுரை வந்தது 1996இல். எட்டு வருடம் கழித்தும் ஆளை இழுக்கிற வலை! அப்படி ஒன்று உங்கள் கூடத்திலும் ஏதாவது மூலையில் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

வேதியியலாளர் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். பொதுவாக அவரிடம் ஆய்வக முடிவை மட்டும் வாங்கிக்கொண்டு, பொருள் சொல்லும் வேலையை மற்ற இருவரும் எடுத்துக்கொள்வார்கள். வான் கோவின் 'படுக்கையறை' ஓவியத்தில் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. ஆனால் 1888இல் அவர் எழுதிய கடிதத்தில் வெளிர் ஊதா என்றிருக்கிறது. கடிதம் சந்தேகத்தைக் கிளப்பியது. சிவப்பு நிறமி வெளிச்சத்தில் மங்கி, நீலம் மட்டும் மிஞ்சியது என்பதை வேதியியல் காட்டியது. சரி, இப்போது பார்வையாளருக்கு எதைக் காட்டுவது? ஊதாச் சுவரோடு ஒரு மறுவாக்கப் படத்தைப் பக்கத்தில் வைப்பதா? உலகமே பழகிவிட்ட நீலத்தைத் 'தவறு' என்று குறிப்பட்டையில் எழுதலாமா? இந்த இடத்தில் ஆய்வக முடிவு மட்டும் போதாது, கலை வரலாறு மட்டும் இருந்தாலும் நடக்காது. மேடையில் கேட்க வேண்டியது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான்.

நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு மூவரையும் அந்தப் பொருளின் முன் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். காகிதம், மடிக்கணினி எதுவும் வேண்டாம். எங்கே முகம் சுளிக்கிறார்கள், எங்கே "அப்படியா?" என்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கேள்விப் பட்டியல் தானாக வந்துவிடும். வாதம் சூடு பிடித்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். இல்லாவிட்டால் மேடையில் ஆறிய சோறுதான்.

சொற்களையும் கவனியுங்கள். 'அசல்' என்றால் வேதியியலாளருக்குப் பின்னாளில் எதுவும் பூசப்படாத பொருள், கலை வரலாற்றுக்காரருக்குப் படைத்தவரின் கை, மானிடவியலாளருக்கு மக்கள் உண்மையிலேயே பயன்படுத்தியது. அரை மணி நேரம் மூவரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள், பேசுவது மூன்று வேறு விஷயமாக இருக்கும். ஆகவே முதல் சுற்றிலேயே அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு வாக்கியத்தில் விளக்கம் கேட்டுவிடுங்கள்.

ஸ்லைடு ஒன்றே ஒன்று போதும், அந்தப் பொருளின் படம். ரொம்ப மரியாதையாகவே போனால், "இவர் சொன்னதில் எது பொய்த்தால் உங்கள் வாதம் விழும்?" என்று ஒருவரிடம் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர் சொன்னதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

முடிந்தால் அரங்கை விட்டுவிட்டுக் காட்சிக்கூடத்திலேயே நாற்காலி போடுங்கள். காகித ஓவியமோ துணியோ என்றால் அங்கே வெளிச்சம் வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில், மங்கலாகத்தான் இருக்கும். பேச்சாளர்கள் குறிப்பைப் படிக்கச் சிரமப்படுவார்கள், அதுவும் நல்லதுக்குத்தான். கூட்டம் எத்தனை பேர், நாற்காலி எவ்வளவு தள்ளி என்பதை மட்டும் பாதுகாப்புப் பிரிவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.