மூன்று முழம் பாறை

அன்புள்ள அக்கா,

ஞாயிறு பள்ளியில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அவர்களுக்காக யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜா காலத்துச் சாகசக் கதை ஒன்று எழுதுகிறேன். அசீரியர் எருசலேமை முற்றுகையிடும்போது ஒரு சிறுவன் நகரத்தைக் காக்க உதவுகிறான். வேதத்தில் இல்லாத சிறுவனைப் படைப்பது தவறு என்கிறார்கள் சபையில் சிலர். அப்படியா? கர்த்தருடைய தூதன் அசீரியர் 1,85,000 பேரைச் சங்கரித்த இரவை எப்படி எழுதுவது? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தம்பி,

சிறுவனைத் தாராளமாகப் படையுங்கள். கதை என்று அட்டையிலேயே போட்டுவிட்டால் யாரும் அதை வேதமென்று நினைக்கப் போவதில்லை.

அசீரியர் பிடித்த லாகீஸ் நகரத்திலிருந்து தப்பி வருகிறவர்களைப் பற்றிய பக்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் கோபம் வந்தது. பையன் கையில் வாளைக் கொடுத்து ஏழு வீரர்களை வெட்ட வைக்கிறீர்கள். ஆனால் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்து ஊரைக் காப்பாற்றிய சுரங்கத்தை, 'ராஜா வாய்க்கால் வெட்டினார்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். இரண்டு இராஜாக்கள் 20ஆம் அதிகாரமும் அதை ஒரு வசனத்தில்தான் சொல்கிறது, சரி. அது ராஜாவின் வரலாறு. கதை எழுத வந்த உங்களுக்கு என்ன அவசரம்?

என் அப்பா கிணறு வெட்டுகிறவர். மேலே நின்று மண்கூடை வாங்குவது என் வேலை. உள்ளேயிருந்து வரும் குரலை வைத்தே அவர் களைத்துவிட்டாரா, தண்ணீர் கண்டுவிட்டாரா என்று எனக்குத் தெரியும். ஞாயிறு பள்ளியில் இந்த வசனம் வந்த அன்று, "வாய்க்காலை யார் தோண்டினது?" என்று கேட்டேன். "ராஜாதான்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு அன்று வந்த அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

பதில் கல்லில் இருந்தது, தம்பி. கீகோன் ஊற்று மதிலுக்கு வெளியே இருந்தது. அந்தத் தண்ணீர் பகைவனுக்குக் கிடைக்கக் கூடாது, ஊருக்குள் வர வேண்டும். அதனால் இரண்டு முனையிலிருந்தும் பாறையைக் குடைந்தார்கள். நேராகப் போனால் ஏறக்குறைய 320 மீட்டர். வளைந்து வளைந்து 533 மீட்டர் ஆகிவிட்டது. 1880இல் அந்தத் தண்ணீருக்குள் நடந்துபோன ஒரு சிறுவன்தான் சுவரில் எழுத்தைக் கண்டான். எருசலேம் அன்று துருக்கியர் ஆட்சியில் இருந்ததால் கல்வெட்டு இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. மிஞ்சியிருப்பது ஆறே வரி. அதில் ராஜாவின் பெயர் இல்லை, கர்த்தருடைய பெயரும் இல்லை. இன்னும் மூன்று முழம் வெட்ட வேண்டியிருந்தபோது ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டது என்றும், கோடரிக்கு எதிராகக் கோடரி வெட்டியது என்றும், 1,200 முழ தூரம் தண்ணீர் ஓடியது என்றும் இருக்கிறது. தலைக்கு மேலே நூறு முழம் பாறை!

சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தவறாக வெட்டிக் கைவிட்ட தடங்களும் இருக்கின்றன. குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தெரியாமல் தடுமாறியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய சாகசம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? உங்கள் பையனிடமிருந்து வாளை வாங்கிக்கொண்டு ஒரு எண்ணெய் விளக்கைக் கொடுங்கள். கல்கூடையைச் சுமக்க வையுங்கள். அவனுடைய அப்பா எதிர்முனையில் வெட்டட்டும். விளக்கில் எண்ணெய் தீரட்டும். பாறைக்கு அப்பால் ஒரு குரல் கேட்கட்டும். அது அப்பாவின் குரல்தானா என்று அவன் காதை வைத்துக் கேட்கும் நேரத்துக்குப் பத்துப் பக்கம் கொடுங்கள்.

தூதன் வந்த இரவை வேதம் ஒரே வசனத்தில் முடிக்கிறது. நீங்களும் அப்படியே முடிக்கலாம்.

அந்த அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா