டிஸெம்பார்க் எங்கே பொருந்தும்?

ஆங்கிலப் பயணக் கட்டுரையில் கப்பல், ரயில், டாக்சி மூன்றிலிருந்தும் இறங்கியதற்கு 'டிஸெம்பார்க்' என்றே போட்டிருக்கிறீர்கள். கூடவே 'ஃப்ரம்' வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

டாக்சிக்கு அதைக் கண்டிப்பாக மாற்றிவிடுங்கள். கார், டாக்சிக்கு 'கெட் அவுட் ஆஃப்' தான். எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானம், கப்பலுக்கு 'கெட் ஆஃப்'. பேச்சிலும் சாதாரண எழுத்திலும் இந்த இரண்டுமே போதும்.

'டிஸெம்பார்க்' படகைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. அதனால் கப்பலுக்கு மிக இயல்பு, விமானத்துக்கும் சரி. ரயிலுக்குத் தவறில்லை, ஆனால் அறிவிப்புப் பலகை வாசனை அடிக்கும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் 'அலைட்' என்றும் உண்டு, லண்டன் சுரங்க ரயிலில் அடிக்கடி கேட்கலாம். அதுவும் அறிவிப்பு நடைதான், உங்கள் கதைக்கு வேண்டாம். விமானத்திலிருந்து இறங்குவதற்குச் சொல்லும் 'டீப்ளேன்' பெரும்பாலும் அமெரிக்க வழக்கு.

இப்போது 'ஃப்ரம்'. 'டிஸெம்பார்க்ட் ஃப்ரம் த ஷிப்', 'டிஸெம்பார்க்ட் த ஷிப்' இரண்டும் புழக்கத்தில் உண்டு; நான் முதலாவதையே எழுதுவேன். ஏனென்றால் இதே வினைக்கு 'இறக்கிவிடு' என்ற பொருளும் இருக்கிறது: கப்பல் பயணிகளை 'டிஸெம்பார்க்' செய்யலாம். 'ஃப்ரம்' இருந்தால் அந்தக் குழப்பமே வராது. துறைமுகத்தின் பெயர் வந்தால் 'அட்' சேருங்கள். வாகனம் ஏற்கெனவே தெரிந்திருந்தால் 'வி டிஸெம்பார்க்ட் அட் டான்' (விடியலில் இறங்கினோம்) என்று சும்மா விட்டாலே அழகாக நிற்கும்.

அப்புறம், உங்கள் கப்பல் பத்தி நன்றாக வந்திருக்கிறது, அங்கே அந்தச் சொல்லைத் தொட வேண்டாம்.