ஆசிரியர் தரும் காற்பங்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரிப் பேராசிரியர்களைப் பற்றியும் ஆய்வு நெறியாளர்களைப் பற்றியும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை விடை எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், எவர் பெயரையும் குறிப்பிடவில்லை.

கேள்வி: ஒரு பேராசிரியர் ஒரு பருவத்தில் எங்களுக்குப் பாடம் எடுப்பது நாற்பது, ஐம்பது மணி நேரம். அதற்குள் மாணவரின் வாழ்க்கையே மாறிவிடுவதாக மேடைதோறும் பேசுகிறார்கள். இது வெறும் மரியாதைப் பேச்சுதானே? (மூன்றாம் ஆண்டு மாணவர்)

மேடைப் பேச்சில் மிகை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஐயமும் புதியதன்று. ஆசிரியர் உரைத்ததை முழுமையாக மனத்தில் வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது காற்பங்குப் புலமையே என்று பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் கணக்கே போட்டிருக்கிறார். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கும், பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் வரும் என்பது அவர் கணக்கு. ஆசிரியரை வணங்கி நின்ற காலத்தில் இப்படி எழுத ஒரு துணிவு வேண்டும்.

ஆனால் அந்தக் காற்பங்குக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பாடப்பொருளை நூல்களிலிருந்தும் பெறலாம். நூல்களிலிருந்து எளிதில் பெற முடியாதது, ஒரு வேலை எப்போது போதுமான அளவு நன்றாக முடிந்திருக்கிறது, எப்போது முடியவில்லை என்று கண்டுகொள்ளும் அளவுகோல். அது, அந்த அளவுகோலைக் கைவசம் வைத்திருப்பவர் அருகிலிருந்து வேலை செய்வதைப் பார்த்தே பெரும்பாலும் வருகிறது. உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் 1926 முதல் 1930 வரை பெர்லினில் ஓட்டோ வார்பர்கின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். பின்னாளில் அவர் தம் ஆசிரியப் பரம்பரையை ஒரு குலவரிசைபோல எழுதிக்காட்டினார். வார்பர்கின் ஆசிரியர் எமில் ஃபிஷர், அவருடைய ஆசிரியர் பேயர், அவருக்கு முன் கெகுலே, லீபிக், கே-லுசாக், பெர்தோலே என்று அது பதினெட்டாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது. ஃபிஷர் 1902ஆம் ஆண்டிலும், பேயர் 1905ஆம் ஆண்டிலும், வார்பர்க் 1931ஆம் ஆண்டிலும், கிரெப்ஸ் 1953ஆம் ஆண்டிலும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு இறங்கியது தகவல் அன்று, ஆய்வை அணுகும் மனப்பாங்கே என்பது கிரெப்ஸின் கருத்து.

சமூகவியலாளர் ஹாரியட் சக்கர்மன் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலும் இதையொத்த ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் செய்த ஆய்வுக்காக 1972 வரை நோபல் பரிசு பெற்ற 92 பேரில் 48 பேர், தமக்கு மூத்த நோபல் அறிஞர் ஒருவரிடம் மாணவராகவோ இளநிலை ஆய்வாளராகவோ இருந்தவர்கள். இதைக் கண்டு உடனே வியந்துவிட வேண்டாம். பெரிய ஆசிரியரைத் திறமையுள்ள மாணவர் தேடிப் போகிறார். ஆசிரியரும் தேர்ந்தெடுத்தே சேர்த்துக்கொள்கிறார். ஆகவே அந்த 48இல் ஆசிரியரின் பங்கு எவ்வளவு, முன்பே மாணவரிடம் இருந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

என் அனுபவம் இவற்றைவிடச் சிறியது. நான் கல்லூரியில் படித்தபோது ஒரு பேராசிரியர் என் கட்டுரையை மதிப்பெண் இடாமலே திருப்பித் தந்தார். ஒரு வாக்கியத்துக்கு எதிரே, ‘இது உமக்கு எப்படித் தெரியும்?’ என்று பென்சிலால் எழுதியிருந்தார். அவர் நடத்திய பாடத்தில் பெரும்பகுதி எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கேள்வியோ, இந்த விடையை எழுதும்போதும் இரண்டு வாக்கியங்களை அடித்துவிடச் செய்தது. நாற்பது மணி நேரத்தில் வாழ்க்கை மாறுமா என்று கேட்கிறீர்கள். அவர் அதை எழுத அரை நிமிடம் ஆகியிருக்கும்.

கேள்வி: மாணவர்களின் மதிப்பீட்டுப் படிவத்தில் அதிக மதிப்பெண் பெறுபவரே சிறந்த பேராசிரியர் என்று எங்கள் கல்லூரி கருதுகிறது. இது சரியா? (பேராசிரியை)

முழுவதும் சரியன்று. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில், எந்த மாணவர் எந்தப் பேராசிரியரிடம் படிப்பது என்பது மாணவரின் விருப்பப்படி அமையாமல் குலுக்கல்போலவே அமைகிறது. தேர்வும் எல்லோருக்கும் பொதுவானது. இதைப் பயன்படுத்தி, ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் பொருளியலாளர் இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் மதிப்பெண்களை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். தம் பாடத்தில் மாணவரை நல்ல மதிப்பெண் எடுக்கவைத்த ஆசிரியர்களுக்கு மாணவர்களும் நல்ல மதிப்பீடு தந்தார்கள். ஆனால் அதே மாணவர்கள் அடுத்தடுத்த உயர்நிலைப் பாடங்களில் சற்றுப் பின்தங்கினார்கள். அனுபவமும் தகுதியும் மிகுந்த ஆசிரியர்களிடம் படித்தவர்களின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. பருவ முடிவில் நிரப்பும் படிவத்தால், ஐந்தாண்டு கழித்து வரப்போகும் நன்றியை அளக்க முடியாது. அதற்காகப் படிவத்தைத் தூக்கி எறியவும் வேண்டாம். வகுப்புக்கே வராத பேராசிரியரை அது நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது.

கேள்வி: நான் கூச்ச சுபாவம் உள்ளவள். முன்வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்கும் மாணவர்களையே பேராசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பேராசிரியரை எப்படி அணுகுவது? (முதலாம் ஆண்டு மாணவி)

மாணவன் ஆசிரியரிடம் எப்படிப் பழக வேண்டும் என்பதற்கு நன்னூல் தீயைத்தான் உவமை காட்டுகிறது. குளிர் காய்பவர் தீயை மிக நெருங்குவதும் இல்லை, விட்டு விலகுவதும் இல்லை. விலகாமல் இருப்பதற்கு முன்வரிசை தேவையில்லை. குறிப்பான ஒரு கேள்வி போதும். ‘பாடம் புரியவில்லை ஐயா’ என்று போய் நின்றால் எந்தப் பேராசிரியரும் திணறுவார். ‘இந்த இடம் வரை எனக்கு வந்துவிட்டது, இதற்கு அடுத்த படியை இப்படி முயன்று பார்த்தேன், இங்கே நின்றுவிட்டது’ என்று தாளைக் காட்டுங்கள். பேச வராவிட்டால் எழுதிக் கொடுங்கள்.

1913 சனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு இராமானுஜன் கடிதம் எழுதியபோது, தம்மை ஓர் எழுத்தர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, தாம் கண்டறிந்த தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்திருந்தார். ஹார்டியை அசைத்தவை அந்தத் தேற்றங்களே. நீங்கள் இராமானுஜனாக இருக்க வேண்டியதில்லை. கையில் நீங்களே செய்து பார்த்த ஏதேனும் ஒன்று இருக்கட்டும்.

பெரும்பாலான மாணவர்கள் செய்யத் தவறுவது இன்னொன்று உண்டு. பேராசிரியர் ஒரு நூலையோ வழியையோ சொல்லி அனுப்பினால், சில வாரம் கழித்துத் திரும்பிச் சென்று அது என்னவாயிற்று என்று அவரிடம் சொல்லுங்கள். சொன்னதைச் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்த மாணவரை நான் மறந்ததே இல்லை.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். என் நெறியாளர் நான் எழுதுவதையெல்லாம் கிழித்தெறிகிறார். மற்றவர் முன்னிலையில் ஏளனம் செய்கிறார். சென்ற ஆண்டு என் தரவுகளைக் கொண்டு எழுதிய கட்டுரையில் என் பெயரைச் சேர்க்காமல், ஆய்வகத்தில் இன்னொருவர் பெயரைச் சேர்த்துவிட்டார். கண்டிப்பான ஆசிரியரிடம்தான் கற்க முடியும் என்று வீட்டில் ஆறுதல் சொல்கிறார்கள். நான் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? (ஆய்வு மாணவி)

உங்கள் கடிதத்தில் மூன்று செய்திகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, எழுத்தின் மீதான கடுமை. இது மட்டும் என்றால் உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஜெஃப்ரி கோயன், கிளாட் ஸ்டீல், லீ ராஸ் என்னும் உளவியலாளர்கள் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதையே எடுத்துக்கொண்டது. மாணவர் எழுதிய கட்டுரையில் குறைகளை மட்டும் சுட்டி அனுப்பினால், தம்மைத் தாழ்வாக எண்ணி எழுதியதோ என்று அஞ்சும் மாணவர்கள் சோர்ந்துபோகிறார்கள். பொதுவான பாராட்டைச் சேர்த்தாலும் பெரிய பயன் இல்லை. ‘நான் எதிர்பார்க்கும் தரம் உயர்ந்தது, அதை உங்களால் எட்ட முடியும் என்று நம்புவதால்தான் இவ்வளவு குறை சொல்கிறேன்’ என்னும் பொருள்பட எழுதியபோது, அதே குறைகளை ஏற்றுக்கொண்டு திருத்த முனைந்தார்கள். ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் கிழித்தெறிந்த பிறகு, அடுத்த வரைவை எப்படி எழுதுவது என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறதா? தெரிந்தால் அவர் கண்டிப்பானவர். தெரியவில்லை என்றால், அங்கே நடப்பது வெறும் கோபம்.

இரண்டாவது, பிறர் முன்னிலையில் ஏளனம். பேரறிஞர்களும் இதற்கு விலக்கில்லை. 1935 சனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில், இருபத்து நான்கு வயது நிரம்பிய வானியற்பியலாளர் சந்திரசேகர், வெண்குறுமீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின்) நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்னும் தம் முடிவை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் வானியலாளர் ஆர்தர் எடிங்டன்; கேம்பிரிட்ஜில் அந்தக் கணக்கீடுகள் எப்படிப் போகின்றன என்று பல மாதம் அக்கறையோடு விசாரித்துவந்த மூத்தவர். தாம் என்ன பேசப்போகிறார் என்பதை முன்கூட்டிச் சொல்லாமலே, அவையோர் சிரிக்கும்படி அந்த முடிவை அவர் ஒதுக்கித் தள்ளினார். இயற்பியலாளர் சிலர் சந்திரசேகர் சொன்னதே சரி என்று அறிந்திருந்தும் பொதுவில் சொல்ல முன்வரவில்லை. சந்திரசேகர் தம் கணக்குகளை 1939ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் அமைதியாகப் பதிவு செய்துவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் எடிங்டனின் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளை நிகழ்த்தியவரும் அவரே. இந்தக் கதையைப் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று உறுத்துகிறது: அவைக்குள் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் ஆய்வகத்தில் உங்களோடு இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, கட்டுரையில் பெயர். இங்கே எனக்கு ஐயமே இல்லை, இது தவறு. நன்னூல் ஆசிரியராக இருக்கத் தகாதவர்களைப் பட்டியலிடும்போது முடத்தெங்கு என்றொரு உவமை சொல்கிறது. ஒருவர் நீர் ஊற்றி வளர்க்க, அடுத்தவர் தோட்டத்தில் காய் உதிர்க்கும் கோணலான தென்னை அது. உழைப்பவரை விட்டுவிட்டு மற்றவருக்கு வழங்கும் ஆசிரியரைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. இதைக் கண்டிப்பு என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டியவை: தரவு எந்த நாளில், எவரால் எடுக்கப்பட்டது என்பதற்கான குறிப்பேடுகளையும் மின்னஞ்சல்களையும் ஓரிடத்தில் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பெயர் விடுபட்டது பற்றி நெறியாளரிடம் பணிவான சொற்களில் எழுத்து வழியாகக் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டது காற்றோடு போய்விடும். உங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் குழுவில் உங்களுக்கு நம்பிக்கையுள்ள ஒருவரிடம் இப்போதே பேசுங்கள். நெறியாளரை மாற்றிக்கொள்ளப் பல்கலைக்கழக விதிகளில் வழி இருந்தால் அதையும் படித்து வையுங்கள். நான்கு ஆண்டு உழைப்பு வீணாகுமே என்ற அச்சம் இயல்பானது. ஆனால் உழைப்பு உங்களுடையது. நெறியாளர் மாறினால் அதுவும் உங்களோடுதான் வரும்.

கேள்வி: உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகிறது. ஒரு வகுப்பில் எழுபது பேர். நான் எப்படி ஒவ்வொருவருக்கும் வழிகாட்டியாக இருக்க முடியும்? (இளம் ஆசிரியர்)

முடியாது. 2014ஆம் ஆண்டில் கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் நடத்திய கணக்கெடுப்பில், கற்பதில் ஆர்வமூட்டிய பேராசிரியர், தம்மை ஒரு மனிதராக மதித்து அக்கறை காட்டிய பேராசிரியர்கள், தம் இலக்குகளை ஊக்குவித்த வழிகாட்டி ஆகிய மூன்றும் தமக்கு வாய்த்தன என்று உறுதியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். அவர்கள் பிற்காலத்தில் தம் வேலையில் ஈடுபாட்டோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று அது கூறியது. வேலையில் மகிழ்ச்சியாக இருப்பவருக்குக் கல்லூரி நினைவுகளும் இனிக்கும் என்பதால், அந்த இரண்டு மடங்கைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மூன்றில் முதலாவதை எழுபது பேருக்கும் தரலாம். பெயரை அறிந்து அழைப்பது இரண்டாவதன் தொடக்கம். மூன்றாவது ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் இயலாது. அதற்காக வருந்தவும் வேண்டாம்.

நேரம் அதிகம் கேட்காத உதவி ஒன்று உண்டு: உரிய இடத்தில் மாணவரின் பெயரைச் சொல்வது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் 1880ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்துக்கு உரியவர் என்று உ. வே. சாமிநாதையரை எடுத்துக்காட்டி, அவருக்கே கிடைக்கும்படி செய்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்கள். அப்போது பிள்ளை மறைந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. நீங்கள் எழுதும் பரிந்துரைக் கடிதத்தில் ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி’ என்பதோடு நிறுத்தாமல், அந்த மாணவர் செய்த ஒரு வேலையைக் குறிப்பாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பேராசிரியர் காட்டிய துறையை விட்டு வேறு தொழிலுக்கு வந்துவிட்டேன். பத்து ஆண்டாக அவரைச் சந்திக்கவே கூச்சமாக இருக்கிறது. (முன்னாள் மாணவர்)

வழிகாட்டி உறவுகளை ஆராய்ந்த கேத்தி கிராம், தொடக்கம், வளர்ச்சி ஆகிய நிலைகளுக்குப் பின் பிரிவு என்பதையும் அந்த உறவின் இயல்பான ஒரு நிலையாகவே 1983ஆம் ஆண்டில் எழுதினார். அதற்கு அப்பால், இருவரும் ஏறத்தாழ நிகரானவர்களாகப் பழகும் நான்காம் நிலை ஒன்று உண்டு. நீங்கள் மூன்றாவதில் நின்றுவிட்டீர்கள். மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். இப்போது செய்யும் தொழிலில் அவரிடமிருந்து கற்ற எது உங்களுக்குப் பயன்படுகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். விடை வர ஒரு மாதம் ஆனாலும் கவலைப்படாதீர்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் இத்தகைய கடிதங்களை உடனே எடுத்து வைத்துவிடுவதில்லை; பலமுறை படித்த பிறகே பதில் எழுத உட்காருவோம்.