மின்னஞ்சலில் கேட்ட காணி அனுமதிப்பத்திர நகல்: பதிலில்லாமல் மேன்முறையீடு செய்யலாமா?

பிரதேச செயலகத்துக்கு மின்னஞ்சலில் விண்ணப்பித்தும் பதில் வரவில்லை என்கிறீர்கள். மேன்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதம் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உரிய காலத்தில் பதில் தராததும் மேன்முறையீட்டுக்குக் காரணம்தான். விண்ணப்பத்தைக் கையாளும் தகவல் அலுவலருக்கு, முடிவு சொல்ல 14 வேலை நாட்கள் உண்டு. சனி, ஞாயிறு, போயா உள்ளிட்ட பொது விடுமுறை நாட்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

ஆனால் விண்ணப்பத்தைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் தமிழ் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்திருக்கும். அனுப்பிய அஞ்சலை வேறொருவரின் தொலைபேசியில் திறந்து பாருங்கள். குழம்பியிருந்தால், எந்தக் கணினியிலும் சரியாகத் தெரியும் யுனிகோடில், அல்லது கையால் எழுதிப் படமெடுத்து, மறுபடி அனுப்புங்கள். நாட்கணக்கையும் அன்றிலிருந்தே தொடங்குவது பாதுகாப்பு.

சரியாகத் தெரிந்தால்:

1. எழுத்து மூல ஒப்புகையைக் கேளுங்கள். அதை உடனே தருவது அலுவலரின் கடமை. தகவலை ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.
2. பதிலுக்கான காலம் கடந்ததும், குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்பவர்) 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. திருகோணமலை நகரிலேயே இருக்கிறீர்கள், நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

இன்னொன்று: பழைய காணிக் கோப்பு அந்தப் பிரதேச செயலகத்தில் இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் எங்கே இருக்கிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

இணையவழி விண்ணப்ப முறைக்குக் கருத்து அனுப்பப் போவதாகச் சொன்னீர்களே, விண்ணப்பித்ததும் ஒப்புகை இலக்கம் தானாக வரவேண்டும் என்பதை முதலாவதாக எழுதுங்கள்.