காட்ஸில்லாவுக்கு எத்தனை பிறப்பு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்தில் அணுகுண்டுச் சோதனைக்கு முன்பே காட்ஸில்லா என்ற அந்த ராட்சதப் பிராணி ஒரு தீவில் இருக்கிறது. 2016-ல் வந்த ஜப்பானியப் படத்திலோ கடலில் கொட்டிய அணுக்கழிவைத் தின்று வளர்ந்தது என்கிறார்கள். எதுதான் சரி? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: ஒன்று சரி, மற்றது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. படங்களை எடுத்துவரும் தோஹோ நிறுவனமே ஒரே பிறப்புக் கதையைக் கட்டிக்காக்கவில்லை. 1954-ல் வந்த முதல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் வந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தொடங்கிய இயக்குநர்கள் உண்டு, முதல் படத்தையே ஒதுக்கியவர்களும் உண்டு. ரசிகர்களில் பலருக்கு இது குறையாகப் படுகிறது. எனக்கு இந்தப் படங்களில் மிகவும் பிடித்ததே இதுதான். அந்தப் பிராணி எப்படி உருவானது என்று சொல்லும்போதெல்லாம், அந்தப் பழி யாரைச் சேரும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டி வருகிறது. எழுபது ஆண்டுகளில் அந்தப் பழி வெளிநாட்டிலிருந்து கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஜப்பானின் வாசலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

முதல் படத்திலிருந்தே வருகிறேன். 1954 மார்ச் 1 அன்று அமெரிக்கா பிகினி பவளத்தீவில் ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அபாயப் பகுதி என்று அறிவித்த எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த 'தாய்கோ புகுரியு மாரு' என்ற ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் 23 பேர். ரேடியோ ஆபரேட்டராக இருந்த ஐக்கிச்சி குபொயாமா அந்த ஆண்டு செப்டம்பர் 23-ல் இறந்தார். படம் வெளியானது நவம்பர் 3-ல். தொடக்கக் காட்சியில் ஒரு கப்பலின் தளத்தில் மாலுமிகள் பாட்டும் இசையுமாக ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று கடல் வெளிச்சமாகிறது, கப்பல் எரிகிறது. அன்றைக்கு அரங்கில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அது எதைச் சொல்கிறது என்று விளக்கவேண்டிய அவசியம் இருந்திருக்காது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் படத்திலேயே பிறப்புக் கதை இரண்டு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஓடோ தீவில் ஒரு கிழவர், கடலில் அப்படி ஒரு பிராணி இருப்பதாகவும், மீன் கிடைக்காத காலத்தில் இளம்பெண்களைப் பலியாக அனுப்பியதாகவும் பழங்கதை சொல்கிறார். அப்புறம் வருகிற பேராசிரியர் யமானே, இது ஜுராசிக் காலத்து உயிரினம், கடல் ஊர்வனவற்றுக்கும் தரைவிலங்குகளுக்கும் இடைப்பட்டது, ஆழ்கடலில் ஒதுங்கி வாழ்ந்ததைக் குண்டுச் சோதனை கிளப்பிவிட்டது என்கிறார். சான்றாகக் கால்தடத்தில் கிடைத்த டிரைலோபைட் என்ற ஆதிகாலக் கடல் உயிரியையும், அணுகுண்டு வெடிப்பில் உண்டாகும் ஸ்ட்ரான்சியம்-90-ன் கதிரியக்கத்தையும் காட்டுகிறார். நீங்கள் கேட்ட 'மைனஸ் ஒன்' படம், கிழவர் சொன்னதையும் பேராசிரியர் சொன்னதையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறது. 1945-ல் ஓடோ தீவுக்காரர்கள் பெயர் சொல்லிப் பயப்படும் பிராணி, 1946-ல் பிகினியில் நடந்த சோதனைக்குப் பிறகு சுமார் 50 மீட்டர் உயரத்துக்கு வளர்ந்து வருகிறது. ஆகவே முதல் படத்துக்கு முரணாக இது எதையும் புதிதாகப் புகுத்தவில்லை.

கேள்வி: உலகப்போரில் ஜப்பானிய வீரர்களைக் காப்பாற்றிய டைனோசர்தான் பிறகு காட்ஸில்லா ஆனது என்று ஒரு படத்தில் வருகிறதாமே? இது ராணுவத்துக்குப் புகழ் பாடுவதுதானே? (ஒரு வாசகி, கோவை)

பதில்: 1991-ல் கசுகி ஓமோரி இயக்கிய 'காட்ஸில்லா எதிர் கிங் கிடோரா' அது. மார்ஷல் தீவுகளில் லாகோஸ் என்ற கற்பனைத் தீவு, 1944. அமெரிக்கப் படையிடம் மாட்டிக்கொண்ட ஜப்பானியப் படைப்பிரிவை அங்கே மிச்சமிருந்த ஒரு டைனோசர் குறுக்கே வந்து காப்பாற்றுகிறது. குண்டடிபட்டுக் கிடக்கும் அந்த விலங்குக்கு வீரர்கள் சல்யூட் அடித்து விடைபெறுகிறார்கள். அமெரிக்க வீரர்கள் செத்து விழும் காட்சிக்காக அந்நாட்டில் அப்போது எதிர்ப்புக் குரல் எழுந்தது. அந்தக் காட்சியை மட்டும் தனியாகப் பார்த்தால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

ஆனால் படம் அங்கேயே நிற்கவில்லை. அந்தப் படைப்பிரிவின் தலைவன் ஷிண்டோ ஊர் திரும்பிப் பெரும் தொழிலதிபராகிறான், போருக்குப் பிந்தைய ஜப்பானின் செல்வத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவனாகிறான். எதிர்காலத்திலிருந்து வருபவர்கள் டைனோசரைத் தீவிலிருந்து அப்புறப்படுத்திவிட, கிடோரா என்ற மூன்று தலை அசுரனைத் தடுக்க மறுபடியும் ஒரு காட்ஸில்லாவை உருவாக்கலாம் என்று தன் நிறுவனத்தின் அணுசக்தி நீர்மூழ்கியையே அனுப்புகிறான். அணுகுண்டு விழுந்த நாட்டில், ஒரு ஜப்பானியத் தனியார் நிறுவனம் கையில் அணு ஆயுதம்! அந்த நீர்மூழ்கியை அழித்து அதன் சக்தியை உறிஞ்சிய காட்ஸில்லா 80 மீட்டரிலிருந்து 100 மீட்டராகிறது. கடைசியில் டோக்கியோவில் ஷிண்டோவின் கட்டடத்துக்கு எதிரே வந்து நிற்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், அவன் கண் கலங்குகிறது, தன்னை அது அடையாளம் கண்டுகொண்டது என்று அவனுக்குத் தெரிகிறது, அப்படியும் அவனைக் கட்டடத்தோடு எரித்துவிடுகிறது. பழைய வீரத்தையும் புதிய பணத்தையும் ஒரே மூச்சில் எரிக்கும் இந்தக் காட்சியைப் பார்த்த பிறகு இதைப் புகழ்மாலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. நிலமும் பங்குகளும் அளவுமீறி விலை ஏறியிருந்த ஜப்பானின் குமிழிப் பொருளாதாரம் உடைந்துகொண்டிருந்த நேரத்தில் வந்த படம் என்பதால் அதன் வேகம் இன்னும் கூடுதல். காலப்பயணக் கணக்கு மட்டும் எப்படிக் கூட்டினாலும் நேராக வராது, அதில் மூளையைச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: காட்ஸில்லாவுக்குள் ஆவிகள் இருப்பதாக வரும் படம் எது? அறிவியலை விட்டுவிட்டுப் பேய்க்கதையாக்கியது சரியா? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 2001-ல் ஷுசுகே கனேகோ இயக்கியது. கருவிழியே இல்லாத வெள்ளைக் கண்களோடு வரும் காட்ஸில்லா. பசிபிக் போரில் மாண்ட எண்ணற்றவர்களின் ஆன்மாக்கள் அதற்குள் இருக்கின்றன என்று ஒரு முதியவர் சொல்கிறார். அப்படியானால் ஏன் ஜப்பானைத் தாக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அவர்களுடைய ஓலத்தை இந்த மக்கள் மறந்துவிட்டார்களே என்பதுதான் பதில். என்னைக் கேட்டால் பிறப்புக் கதைகளிலேயே மிகத் துணிச்சலானது இது. போரில் ஜப்பான் பட்டதைப் பேசிய படங்கள் நிறைய, ஜப்பான் மறந்ததைப் பேசியவை குறைவு. குடும்பத்தோடு பார்க்கிற ஒரு அசுரப் படத்துக்குள் அதைக் கொண்டுவந்து வைக்க நெஞ்சுரம் வேண்டும். அதுவரை குண்டு போட்டவன் மேல் இருந்த பழி, இங்கே அரங்கில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் மேலேயே திரும்புகிறது.

திருச்சி வாசகர் கேட்ட 2016 படத்தையும், ஹிதேஅகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுசியும் எடுத்த 'ஷின் காட்ஸில்லா'வை, இதோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். 2011 மார்ச்சில் சுனாமியும் ஃபுகுஷிமாவும் நடந்து ஐந்தாண்டுகளில் வந்த படம். அதில் பிராணி முதலில் ஆற்றில் புகுந்து படகுகளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்கும்போது சுனாமிக் காட்சிகள்தான் ஞாபகத்துக்கு வரும். கழிவைக் கடலில் கொட்டியவர்கள் ஒரு பக்கம், பிராணி ஊருக்குள் வந்த பிறகும் எந்தச் சட்டப் பிரிவில் என்ன உத்தரவு போடுவது என்று கூட்டம் மேல் கூட்டம் போடும் அமைச்சர்கள் மறுபக்கம். கடைசியில் கான்கிரீட் பம்ப் லாரிகளை வைத்து அதன் வாய்க்குள் திரவத்தைச் செலுத்தி உறைய வைக்கிறார்கள். ஃபுகுஷிமா உலையைக் குளிர்விக்கத் தண்ணீர் பாய்ச்சியதும் அதே வகை லாரிகள்தான்.

கேள்வி: அமெரிக்கர்கள் எடுத்த காட்ஸில்லா படங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: கிராபிக்ஸ் பிரமாதம். பிறப்புக் கதைதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். 1998 படத்தில் குற்றம் பிரெஞ்சு பாலினேசியாவில் பிரான்ஸ் நடத்திய சோதனைகள் மேல் விழுகிறது, அங்கிருந்த இகுவானா என்ற ஓணான் இனப் பிராணிதான் மாறிப்போகிறதாம். 2014 படம் இன்னும் ஒரு படி மேலே போய், 1954-ல் பசிபிக்கில் வெடித்தவை சோதனைகளே அல்ல, அந்த ஆதிகால விலங்கைக் கொல்ல எடுத்த முயற்சி என்கிறது. படகில் சாம்பல் கொட்டி ஒரு மனிதர் செத்த அந்த ஆண்டின் குண்டுகளை உலகைக் காக்கப் போட்டவையாக மாற்றிவிடும் கதை இது. எனக்கு இதில் சமாதானமே கிடையாது.

கேள்வி: சின்ன வயதில் பார்த்தபோது காட்ஸில்லா நல்லவனாக இருந்ததே! (ஒரு வாசகி, சென்னை)

பதில்: இருந்தது. 1964-லிருந்தே கிடோராவை எதிர்க்கப் பூமியின் பக்கம் நின்றது, 1967-ல் பிள்ளையும் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எங்கிருந்து வந்தது என்ற பேச்சையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். 1971-ல் கழிவுச் சேறே உயிர்பெற்று வரும் ஹெடோராவோடு மோதும் படம் மட்டும் விதிவிலக்கு. ஆலைக் கழிவாலும் புகையாலும் மக்கள் நோயுற்ற மினமாட்டா, யொக்காயிச்சி ஆகிய ஜப்பானிய ஊர்கள் செய்திகளில் இருந்த காலம், மாசுபாட்டின் மேல் உள்ள கோபம் அதில் அப்படியே தெரியும்.

கேள்வி: ஒரு படம் கூடப் பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: 1954 படத்தில், அதுவும் ஜப்பானிய மூலத்தில். ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராகச் சேர்த்து அமெரிக்காவில் 1956-ல் வெளியிட்ட பதிப்பும் இணையத்தில் கிடைக்கும், அதை முதலில் பார்த்துவிடாதீர்கள். மூலத்தில் ரயிலில் போகும் ஒரு பெண், நாகசாகியில் அரும்பாடுபட்டு உயிர் தப்பி வந்தேனே என்று அலுத்துக்கொள்கிறாள். கடைசியில் யமானே, சோதனைகள் தொடர்ந்தால் உலகில் எங்காவது இன்னொரு காட்ஸில்லா வரலாம் என்கிறார். அமெரிக்கப் பதிப்பில் யமானேயின் அந்த எச்சரிக்கை கிடையாது, ஆபத்து நீங்கியது, உலகம் நிம்மதியாக வாழலாம் என்று முடித்துவிடுகிறார்கள். மூலத்தைப் பார்த்த பிறகு, எதையெல்லாம் வெட்டினார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக இதையும் ஒருமுறை பாருங்கள்.