15 வருடம் ஆகப்போகும் வேனை வைத்திருக்கலாமா, கொடுத்துவிடலாமா?

கேள்வி: எங்களிடம் 2011-ல் எடுத்த மாருதி ஆம்னி இருக்கிறது. பின் சீட்டைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து, பலகை போட்டு, அதன் அடியில் 5 கிலோ சிலிண்டரும் அடுப்பும் வைத்திருக்கிறோம். குலதெய்வம் கோயில், திருச்செந்தூர், ராமேஸ்வரம், கொடைக்கானல் எங்கே போனாலும் வண்டியிலேயே சமையல், வண்டியிலேயே படுக்கை. கிலோமீட்டர் அதிகம் ஓடவில்லை. ஆர்சி காலம் முடிவதற்குள் விற்றுவிட்டு மாருதி ஈக்கோ வேன் எடுக்கலாம் என்கிறான் மகன். எனக்கு மனசு வரவில்லை. இந்த மாதிரி வண்டியை எத்தனை வருடம் வைத்திருக்கலாம்? (திருமங்கலம் வாசகர்)

பதில்: 15 வருடம் முடிந்தால் வண்டியை ரோட்டில் எடுக்கவே கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது சார், அது டெல்லிப் பக்கத்துச் சமாச்சாரம், அதைக் கேட்டுக்கொண்டு இங்கே பலர் நல்ல வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நம் ஊரில் சொந்த வண்டியை எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். காருக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, பசுமை வரி தனி. ஆர்டிஓ ஆபீசுக்குப் போகும்போது ஆர்சியில் எத்தனை சீட் என்று இருக்கிறதோ அத்தனையும் மாட்டியிருக்க வேண்டும். பலகை, சிலிண்டர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

அதனால் வருடத்தை விடுங்கள், வண்டியின் தரையைப் பாருங்கள். ஆம்னியில் இன்ஜின் வேலை பெரிய விஷயமே இல்லை, 796 சிசி, மூணு சிலிண்டர், தெரிந்த மெக்கானிக் எல்லா ஊரிலும் இருக்கிறார். தகரம் போனால்தான் கதை முடிந்தது. ராமேஸ்வரம் உப்புக்காற்றில் ராத்திரி முழுக்க நிறுத்தியிருக்கிறீர்கள், உள்ளே சமைத்த தண்ணீரும் ரப்பர் மேட்டுக்கு அடியில் இறங்கியிருக்கும். அந்த மேட்டை முழுசாகத் தூக்கி, ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் தரையை அங்கங்கே குத்திப் பாருங்கள். ஸ்லைடிங் டோர் ஓடுகிற கீழ்த்தடம், முன் சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, பின்பக்கம் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டியிருக்கும் இடம், இந்த மூன்றையும் விடாதீர்கள். பெயின்ட் உப்பியிருந்தால் டிங்கரிங் பார்த்துக்கொள்ளலாம். முனை உள்ளே இறங்கினால், அதுவும் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் இறங்கினால், ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், கொடுத்துவிடுங்கள்.

கிலோமீட்டர் ஓடவில்லை என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்கு நல்ல செய்தி இல்லை. நின்றே கிடக்கிற வண்டியில் ரப்பர்தான் முதலில் சாகும். டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 2316 என்றால் 2016-ம் வருடம் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். டயரின் மேல் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் அவ்வளவு பழைய டயரோடு நான்கு வழிச்சாலையில் போகாதீர்கள். டைமிங் பெல்ட், பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், இப்போது பங்கில் வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ஹோஸ் சீக்கிரம் வெடித்துவிடும்.

தரை நன்றாக இருந்தால் என் முடிவு, எஃப்சி எடுத்து இன்னும் ஐந்து வருடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருட ரிப்பேர் செலவு வண்டி போகிற விலையில் பாதியைத் தொட ஆரம்பித்தால் அப்போது யோசிக்கலாம். புது வண்டியின் மதிப்பு இன்சூரன்ஸ் கணக்குப்படியே ஐந்து வருடத்தில் பாதியாகிவிடும், உங்களுடையது அந்த இறக்கத்தை எப்போதோ தாண்டிவிட்டது.

ஆனால் உங்கள் மகன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆம்னியில் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலுக்கு முன்னால் தகரத்தைத் தவிர எதுவும் இல்லை, ஏர்பேக் கிடையாது. புதிய பாதுகாப்பு விதிகள் வந்தபோதுதான் 2019-ல் அதன் உற்பத்தியையே நிறுத்தினார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் திருநெல்வேலி ரோட்டில் போகிற பழக்கம் இருந்தால் தரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். வைத்துக்கொள்வதாக இருந்தால் பகலில் மட்டும் ஓட்டுங்கள், வண்டி ஓடும்போது பலகையில் யாரும் படுக்கக் கூடாது.

அப்புறம் அந்த சிலிண்டர். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும், உங்கள் வண்டியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அடுப்பைக் கீழே இறக்கி வெளியில் வைத்துச் சமையுங்கள். கிளம்பும் முன் ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள், மூடினால் மட்டும் போதாது.

ஒருவேளை விற்பது என்று முடிவானால் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆர்சியில் பெயர் மாறியதை ஆன்லைனில் பார்க்கும்வரை விடாதீர்கள், அதற்குள் வாங்கினவர் எங்கேயாவது மோதிவிட்டால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.