வேலை தெரிந்தால் போதாதா?

கேள்வி: டிப்ளமோ கெமிக்கல் முடித்து, கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையின் லேப்பில் நான்கு வருடமாக இருக்கிறேன். என் ரிசல்ட் தப்பாகப் போனதே இல்லை. இந்த வருட அப்ரைசலில் தொழில் திறனுக்கு நல்ல மார்க். தனிப்பட்ட திறன், சமூகத் திறன் இரண்டுக்கும் ‘முன்னேற்றம் தேவை’ என்று எழுதிவிட்டார்கள். என் ஜூனியர் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகிவிட்டான். போன மாதம் நைட் ஷிப்டில் ஒரு சாம்பிள் ஃபெயில் ஆனது. ரெஜிஸ்டரில் தெளிவாக எழுதி வைத்தேன். காலையில் பார்த்தால் பேட்ச் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது, சண்டை என்னோடு! எனக்குக் காக்கா பிடிக்க வராது. வேலை தெரிந்தால் போதாதா? இந்தத் திறன்களெல்லாம் என்ன?
– பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம்

பதில்: தம்பி, ஜூனியர் மேலே போனால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் நீங்கள் கேட்டதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்த நைட் ஷிப்டைச் சொல்கிறேன்.

சாம்பிள் ஃபெயில் என்று கண்டுபிடித்தது தொழில் திறன். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி தேவைப்பட்டவர் பிளான்ட்டில் நின்றுகொண்டிருந்தார், ரெஜிஸ்டரோ லேப் மேஜையில் கிடந்தது. போனை எடுத்து, “அண்ணே, பேட்ச்சை நிறுத்தி வைங்க, ரிசல்ட் சரியில்ல” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. நானாக ஊகிக்கிறேன். ஆபரேட்டர் வயதில் மூத்தவர், எரிந்து விழுவார் என்ற தயக்கமாக இருக்கலாம். முன்பு எப்போதோ அவர் ஏதோ சொல்லி, அந்த ரோஷம் இன்னும் ஆறாமல் இருக்கலாம். நமக்குள் ஓடுகிற அந்தத் தயக்கத்தையும் ரோஷத்தையும் அடையாளம் கண்டு, அதையும் மீறிப் போனை எடுப்பதுதான் தனிப்பட்ட திறன். அவர் முகம் சுளிக்காதபடி, அதே சமயம் விஷயம் நீர்த்துப்போகாதபடி சொல்வது சமூகத் திறன். இரண்டு நிமிட வேலைக்குள் மூன்றும் வந்துவிட்டன பாருங்கள். படிவத்தில் தனித்தனிக் கட்டம் போட்டு மார்க் போடுவதால்தான் அவை வேறு வேறு சரக்கு மாதிரித் தெரிகின்றன. ஜெர்மன் கல்வியியலாளர் ஹைன்ரிக் ரோத் 1971-இல் தன்னைச் சார்ந்தது, விஷயத்தைச் சார்ந்தது, பிறரைச் சார்ந்தது என்று திறனை மூன்றாகப் பிரித்தார். ஆனால் பொறுப்போடு நடந்துகொள்ள மூன்றும் சேர்ந்தே வேண்டும் என்பதுதான் அவர் கட்சி.

அதுவும் உங்கள் இடம் சிப்காட். குடிகாடு, ஈச்சங்காடு என்று ஊர்கள் ஆலைகளை ஒட்டியே இருக்கின்றன. அங்கே சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை வெறும் ஆபீஸ் மனஸ்தாபத்தோடு முடியும் என்று சொல்ல முடியாது.

காக்கா பிடிப்பது வேறு சங்கதி. அது மேலே பார்த்துச் செய்வது. நான் சொல்வது பக்கத்தில் இருக்கிறவர்களிடமும் கீழே இருக்கிறவர்களிடமும் நடந்துகொள்வது. அதிகாரியிடம் குழைந்துவிட்டு கான்ட்ராக்ட் ஆளிடம் சிடுசிடுக்கிறவருக்குச் சமூகத் திறனில் முழு மார்க் போட்டால், அந்தப் படிவத்தைக் கிழித்தே போடலாம். அதிகம் பேசாதவருக்கும் இந்தத் திறன் இருக்கும். கலகலப்பாகப் பேசுகிறவர்கள் பலருக்கு இருப்பதில்லை.

டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், 1960-களில் நம் காக்கிநாடாவில் சிறுதொழில் செய்வோருக்கு நடந்த பயிற்சிக்குப் பின்னால் இருந்தவர். வேலைக்கு ஆள் எடுக்க அறிவுத்திறன் தேர்வை நம்பாதீர்கள், அந்த வேலைக்கு வேண்டிய திறனைச் சோதியுங்கள் என்று 1973-இல் எழுதினார். அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்கு அனுப்பும் தகவல் அதிகாரிகளை அவர் குழு ஆராய்ந்தது. நுழைவுத் தேர்வு மார்க்குக்கும் வேலையில் அவர்கள் சாதித்ததற்கும் பெரிய தொடர்பு இல்லை. சிறந்தவர்களைப் பிரித்துக் காட்டியது வேறு: எதிரே இருப்பவர் சொல்லாமல் விட்டதையும் புரிந்துகொள்வது, எந்த இடத்தில் யார் சொல்லுக்கு மதிப்பு என்று சீக்கிரம் பிடித்துக்கொள்வது. இதைக் கண்டுபிடிக்க அவர்கள் கேட்டது, ‘உங்கள் பலம் என்ன?’ போன்ற கேள்வியை அல்ல. நடந்த ஒரு சம்பவத்தை எடுத்து, அப்போது என்ன நினைத்தீர்கள், என்ன சொன்னீர்கள், என்ன செய்தீர்கள் என்று துருவினார்கள்.

அதே வழியை நீங்களும் பிடியுங்கள். உங்கள் மேலாளரிடம் போய், “முன்னேற்றம் தேவைன்னு எழுதியிருக்கீங்க சார். எந்தச் சம்பவத்தை வச்சு?” என்று கேளுங்கள். வாதாடப் போகாதீர்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஒரு சம்பவம்கூட அவரால் சொல்ல முடியவில்லை என்றால் உங்கள் சந்தேகத்தில் உண்மை இருக்கலாம். பாரபட்சம் இல்லாத ஆலை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அப்படியென்றால் புதுச்சேரி மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள் பக்கம் வேறு வேலை விசாரித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

பஸ் ஸ்டாண்ட் சுவரொட்டிகளில் வரும் ‘ஆளுமை வளர்ச்சி’ வகுப்புகளுக்கு மட்டும் காசைக் கொட்டாதீர்கள். டை கட்டக் கற்றுக்கொடுப்பார்கள்.

இப்போதைக்கு இதைச் செய்யுங்கள். ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம் முன்னால் கிளம்பி பிளான்ட் பக்கம் போய், ஆபரேட்டரிடம் நேரில் ரிசல்ட்டைச் சொல்லுங்கள். ஃபெயில் என்றால் அந்த நிமிடமே போன், பிறகு ரெஜிஸ்டர். இரண்டு மூன்று மாதம் இப்படி ஓட்டிவிட்டு, ‘இன்சார்ஜ் லீவு போடும் நாளில் பொறுப்பை என்னிடம் கொடுத்துப் பாருங்கள்’ என்று கேளுங்கள். லீவு போடுவது அந்த ஜூனியராகவே இருந்தாலும் சரி.